நலமானவள் என்று எழுதிய ரத்தம்

கார்த்தி,

உன் மாமா வந்துவிட்டுப் போனான். நான் போட்டுக் கொடுத்த டீயைத் தொடாமல் ஆறவைத்துவிட்டு, நீ சொல்லி அனுப்பியதைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். எண்ணூரில் யார் வீட்டிலோ பதுங்கியிருக்கிறாயாம். யார் வீடு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதையும் போய் ஸ்டேஷனில் சொல்லிவிடுவேன் என்று என் தம்பிக்குத் தெரியும், அதனால் அவனும் சொல்லவில்லை. "இன்னாக்கா, பெத்த புள்ளைய நீயே உள்ள தள்ளுவியா? பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துச்சு, நான் பாத்தேன்னு சொல்லிடு. அந்தப் பொண்ணுக்குத்தான் ஒண்ணுமே ஞாபகம் இல்லியே" என்றான். அவன் சொன்னதில் கடைசியாகச் சொன்னது மட்டும் உண்மை. உன் பெண்டாட்டி சங்கீதாவுக்கு அந்த மத்தியானம் நினைவில் இல்லை, இனி வருவதும் சந்தேகம்தான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நடந்ததைப் பார்த்த கண் என்னுடையது ஒன்றுதான். அதனால்தான் உனக்கு இப்போது அம்மாவின் ஞாபகம் வந்திருக்கிறது.

அந்தப் பொய்யை நான் சொல்லப்போவதில்லை. ஏன் என்பதை உனக்கு எழுதுகிறேன், ஆனால் உனக்கு மட்டும் எழுதவில்லை. கன்டெய்னர் யார்டில் உன் தோஸ்துகளிடம் ஒரு கதை, மாமாவிடம் ஒரு கதை, கல்மண்டபத்தில் நம் தெருக்காரர்களிடம் ஒரு கதை என்று போன் போட்டுப் பரப்பி வைத்திருக்கிறாய். ஆகவே இந்தக் கடிதத்தை ஒட்டாமல்தான் மாமாவிடம் கொடுக்கிறேன். வழியில் யார் பிரித்துப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உனக்கு ஆசை இருக்கலாம், அதற்கு நான் உலை வைத்துத் தர மாட்டேன்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று யாராவது கேட்டால், "எங்கம்மா ரத்தம் டெஸ்ட் பண்றாங்க" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவாய். இன்று கொஞ்சம் பொறுமையாகக் கேள், ஏனென்றால் நீ யார் என்பதை நான் தெரிந்துகொண்டது அந்த வேலையின் வழியாகத்தான். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு பைகளைத் தன்னிலிருந்து கிள்ளிக் கிள்ளி வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. சாதாரண மைக்ராஸ்கோப்பில்கூட அவை தெரியாது. நாங்கள் நுண்பை என்போம். ஒவ்வொரு பைக்குள்ளும் அதை அனுப்பிய செல்லின் சரக்கு கொஞ்சம் இருக்கும். ஈரல் விட்ட பையில் ஈரலின் புரதம், மூளை விட்ட பையில் மூளையின் புரதம். தலையில் பலமாக அடிபட்டால், மூளைக்குள் மட்டுமே இருக்க வேண்டிய சில புரதங்கள் அந்தப் பைகளில் ஏறி ரத்தத்துக்கு வந்துவிடும். மண்டையைத் திறக்காமல், கையில் ஊசி குத்தி எடுத்த ரத்தத்திலிருந்து அந்தப் பைகளைப் பிரித்து, உடைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலை.

ஆஸ்பத்திரி லேபில் சர்க்கரையும் உப்பும் பார்த்துக்கொண்டிருந்தவள் இந்த வேலைக்கு ஏன் மாறினேன் என்பது உனக்குத் தெரியும். மீன்பிடித் துறைமுகத்தில் படகைக் கட்டும் இடத்துக்காக ஒரு தகராறு. ஒருவன் பின்னாலிருந்து உன் அப்பாவின் மண்டையில் இரும்புக் கம்பியைப் போட்டான். தோல்கூடக் கிழியவில்லை. வீட்டுக்கு நடந்தே வந்தார். அப்போது நீ பன்னிரண்டாம் வகுப்பு. நீ பதறிக்கொண்டு ஓடியதற்கு, "ஒண்ணும் இல்ல நைனா, சும்மா தட்டிட்டான்" என்று சிரித்தார். மீன் வறுக்கச் சொன்னார், சாப்பிட்டார். பொழுது சாயும்போது, படகைக் கட்டியாச்சா என்று கேட்டார். ஆச்சு என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் அதையே கேட்டார், திரும்பவும். அப்புறம் வாந்தி. ஒரு கண்ணின் பாப்பா பெரிதாகிப்போய், இழுப்பு வந்து, தன் நாக்கைத் தானே கடித்துத் துண்டாக்கிக்கொண்டார். வாயெல்லாம் ரத்தம். நீதான் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாய். ஆட்டோவில் ராயபுரம் பாலம் ஏறும்போது உன் மடியிலேயே உயிர் போனது. தலைக்குள் விழுந்த அடி என்ன செய்யும் என்பதை உனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை, நீ கையால் தொட்டுப் பார்த்தவன்.

காரியம் முடிந்த மறுநாள் மீன் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு அந்த ஆளைத் தேடிக் கிளம்பினாய். நான் வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டேன். என்னைத் தாண்டிப் போடா என்றேன். நீ தாண்டவில்லை. கத்தியைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாய். நம் பிள்ளைக்கு ரத்தவெறி இல்லை என்று அன்று எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

இனி சங்கீதாவின் ரத்தத்துக்கு வருகிறேன். எங்கள் கூடத்தில் ஒரு புதிய முறையைச் சரிபார்க்கும்போது அடிபட்டவர்களின் ரத்தம் மட்டும் போதாது. எந்தக் குறையும் இல்லாதவர்களின் ரத்தமும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இருக்க வேண்டும். அதற்கு ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். வேலை செய்யும் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து நலமான ஒரு ஆளைக் கூட்டி வருவோம். விவரம் சொல்லி, சம்மதம் வாங்கி, ரத்தம் எடுத்து, பிரியாணி வாங்கிக் கொடுத்து அனுப்புவோம். குழாயில் பெயர் எழுதக் கூடாது, 'நலமானவர்' என்று எழுதி ஒரு எண் போடுவோம். நான் சங்கீதாவைக் கேட்டேன். அவளுக்கு ஊசி என்றாலே நடுக்கம், உனக்குத் தெரியும். சடையங்குப்பத்தில் வெள்ளம் வந்தபோது அவளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நின்ற அவள் அம்மா, கல்யாணத்தின்போது என்னிடம் சொன்னதே அதுதான்: "தண்ணிக்குக்கூட பயப்பட மாட்டா சம்பந்தி, ஊசிக்குத்தான் பயப்படுவா." அப்படிப்பட்டவள் நான் கேட்டவுடன் சரி அத்தை, வருகிறேன் என்றாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மாமியார் மேல் இவ்வளவு பாசமா என்று உள்ளூரப் பூரித்துப்போனேன்.

தண்டையார்பேட்டையில் ஒரு கிளினிக்கில் வைத்து அவளிடம் ரத்தம் எடுத்தோம். எடுத்த ரத்தத்தை முதலில் சுழற்ற வேண்டும், செல்களும், பிளேட்லெட் என்னும் தட்டணுக்களும் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் மஞ்சள் நீரை எடுத்து மறுபடியும் சுழற்ற வேண்டும். ஒரு தட்டணு தப்பி வந்தாலும் உறைய வைக்கும்போது அது வெடித்துக் கண்டதையும் கலந்துவிடும். அப்புறம் ஜெல் நிரப்பிய ஒரு கண்ணாடிக் குழலின் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்குவோம். பைகள் முதலில் வந்துவிடும், தனியாக மிதக்கும் புரதங்கள் பின்தங்கும். அந்த முதல் சொட்டுகளில்தான் எங்கள் பிழைப்பு. சங்கீதாவின் சொட்டுகளைப் பிரித்து அளந்தபோது, நலமானவர்கள் வரிசையில் எல்லாரும் அடியில் கிடக்க, அவள் ஒருத்தி மட்டும் மேலே போய் மண்டை உடைந்தவர்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் மேடம் என்னைக் கூப்பிட்டு, இது யார் கூட்டி வந்த ஆள், எங்காவது விழுந்தாளா, வலிப்பு ஏதாவது உண்டா என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? என் மருமகள்தான் மேடம், அவளுக்கு என்ன குறை, என் வீட்டில் ராணி மாதிரி இருக்கிறாள் என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு குணம் வந்துவிடும். எதிர்பாராத ஒன்று தெரிந்தால் மனுஷரைச் சந்தேகப்பட மாட்டோம், குழாயைச் சந்தேகப்படுவோம். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பத்தில் ஒன்பது தடவை அதுதான் சரி. கிளினிக்கில் குழாய் மாறியிருக்கும் என்றேன். கன்டெய்னர் லாரிகள் பள்ளம் பறித்த ரோட்டில் ஆட்டோவில் குலுங்கி வந்ததில் செல்கள் உடைந்திருக்கும் என்றேன். ஊசி சன்னமாகப் போய்விட்டது என்றேன். சங்கீதாவை இன்னொரு தரம் கூப்பிட்டு, இந்தத் தடவை கூடத்திலேயே, என் கையாலேயே எடுத்தேன். அதற்கும் மறுபேச்சுப் பேசாமல் வந்தாள். ஊசி இறங்கும்போது கண்ணை மூடவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டாவது ரத்தத்தில் அளவு முன்னைவிடக் கூடியிருந்தது. ஏன் கூடியது என்று நான் அவளைக் கேட்கவில்லை. கருவியைத் திட்டினேன், கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். நான் கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அந்த நாட்களில் நீ என் வீட்டில், நான் துவைத்துப் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, அவளை அடித்துக்கொண்டிருந்தாய்.

கடைசியாக ஒரு சோதனை பாக்கி இருந்தது. பைகளின் வெளிப்புறத்தில் ரத்தத்தில் மிதக்கும் பலதும் ஒட்டிக்கொள்ளும். நாம் அளப்பது உள்ளே இருக்கும் சரக்கா, மேலே ஒட்டிய அழுக்கா என்று தெரிய வேண்டும். அதற்குப் பைகளை மூன்று குழாய்களில் பிரிப்போம். ஒன்றைச் சும்மா விட்டுவிடுவோம். இரண்டாவதில் புரதத்தைத் தின்னும் நொதியை ஊற்றுவோம். அது மேலே ஒட்டியதையெல்லாம் தின்றுவிடும், பையின் தோலைத் தாண்டி உள்ளே போக மட்டும் அதனால் முடியாது. மூன்றாவதில் சோப்பு மாதிரி ஒரு கரைசலால் பையை உடைத்துவிட்டு, பிறகு அதே நொதியை ஊற்றுவோம். அப்போது உள்ளே இருந்ததும் தின்னப்பட்டுவிடும். நொதியை நிறுத்திவிட்டு மிஞ்சியதை அளக்க வேண்டும். இரண்டாவது குழாயில் சரக்கு அப்படியே இருந்து, மூன்றாவதில் காணாமல் போனால் அது பைக்குள்ளேயே இருந்த சரக்கு. சங்கீதாவின் ரத்தத்தில் அப்படித்தான் இருந்தது. இனி குழாயைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. ஒரு ஆளின் ஒரு எண்ணை வைத்து எதையும் அடித்துச் சொல்லக் கூடாது, அது ஆராய்ச்சி, மருத்துவ ரிப்போர்ட் அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணின் தலையைத் தொட்டுப் பார்க்க எந்த ரிப்போர்ட்டும் வேண்டாம் என்பது அப்போதுதான் என் புத்திக்கு எட்டியது.

அன்று வெள்ளிக்கிழமை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு, வா, தலைக்கு வைத்துவிடுகிறேன் என்று அவளைக் கூப்பிட்டேன். "வேணாம் அத்த, நானே வச்சிக்கிறேன்" என்று இரண்டு கையாலும் கொண்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் விடவில்லை, மாடியில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். வகிடு எடுத்தவுடன் என் விரல் நின்றுவிட்டது. காதுக்கு மேலே ஒரு வீக்கம், பின்னந்தலையில் ஒரு வீக்கம். ஒரு இடத்தில் முடி கொத்தாகப் பிடுங்கப்பட்டுத் தோல் பொருக்குத் தட்டியிருந்தது. பழையது, புதியது, ஆறியது, ஆறாதது என்று அந்தத் தலையில் உன் கை படாத இடம் குறைவு. முகத்தில் ஒரு கீறல் இல்லை. கையில், கழுத்தில் எதுவும் இல்லை. "வெளிய தெரியாத எடமா பாத்துதான் அத்த அடிப்பாரு" என்றாள்.

அதற்கப்புறம் அவள் சொன்னதைத்தான் நான் சாகும்வரை சுமக்க வேண்டும். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நீ நாள்பூரா மண்டையில அடிபட்டவங்க ரத்தத்ததான் பாத்துகினு கீற. அதான் ரத்தம் குடுத்தேன். வாயால சொல்ல பயமா இருந்துச்சு, ரத்தத்துல தெரிஞ்சிடும்னு நெனச்சேன். ரெண்டாவது தபா கூப்ட்டப்போ, தெரிஞ்சிடுச்சுன்னே நெனச்சேன். நீ ஒண்ணுமே கேக்கல. அப்ப நீயும் அவரு பக்கம்தான்னு வுட்டுட்டேன் அத்த." எண்ணெய்க் கையோடு அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். ஊசிக்கு நடுங்குகிற பெண் கையை நீட்டியது எதற்கு என்று அப்போது விளங்கியது. அவள் எனக்கு எழுதிய புகாரை நான் வாரக்கணக்கில் குளிர்பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன்.

நீ அப்போதுதான் படியேறி வந்தாய். வழக்கமாக இரவுதான் வருவாய், அன்று யார்டில் கிரேன் ஆபரேட்டரோடு சண்டை போட்டுவிட்டு மத்தியானமே வந்துவிட்டாயாம், மாமா சொன்னான். கையில் ஹெல்மெட். அவிழ்ந்து கிடந்த தலைமுடியையும் என் முகத்தையும் பார்த்தாய். உனக்குப் புரிந்துவிட்டது. நான் எழுந்திருக்கும் முன்பே, "எங்கம்மாகிட்ட இன்னாடி ஓதினு கீற?" என்று கேட்டுக்கொண்டே ஹெல்மெட்டை வீசி அவள் தலையில் இறக்கினாய். தேங்காய் உடைத்த சத்தம் கேட்டது. அவள் கத்தக்கூட இல்லை. சரிந்து விழும்போது துவைக்கிற கல்லின் விளிம்பு அவள் நெற்றிப்பொட்டில் பட்டது. விழுந்தவளை உதைத்தாய். காதிலிருந்து ரத்தம் கோடாக இறங்கி எண்ணெயோடு கலந்து என் புடவைக்கு வந்தது. மறுபடியும் ஹெல்மெட்டை ஓங்கினாய். நான் உன் கையில் தொங்கினேன். உதறினாய், சுவரில் மோதி என் மணிக்கட்டு முறிந்தது. முறிந்த கையோடு எழுந்து உன் கையைக் கடித்தேன், என் பல்லில் உன் ரத்தம் உப்புக் கரித்தது. பெற்ற பிள்ளையின் சதையைக் கடித்துப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில், இன்னும் ஆழமாகக் கடிக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. சத்தம் கேட்டு மேலே ஓடிவந்த கீழ்வீட்டு பாயை இடித்துத் தள்ளிவிட்டு நீ இறங்கிப் போனாய். அவர்தான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினார்.

ஆட்டோவில் அவள் தலை என் மடியில் கிடந்தது. உன் அப்பாவின் தலை உன் மடியில் கிடந்த அதே ரோடு. அவள் கண்ணைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன், ஒரு பாப்பா பெரிதாகிறதா, ஒரு பாப்பா பெரிதாகிறதா என்று. பெரிதானது. பெரிய ஆஸ்பத்திரியில் மண்டை ஓட்டை அறுத்துத் திறந்து, உறைந்த ரத்தத்தை வழித்து எடுத்தார்கள். நீ தலைமறைவாகி உன் பக்கத்துக் கதைகளைத் தயார் செய்துகொண்டிருந்த நேரத்தில், அவள் அம்மா ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தலையில் அடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் காறித் துப்பினாள். நான் துடைத்துக்கொள்ளவில்லை. சங்கீதா பிழைத்துவிட்டாள். இடது காது கேட்காமல் போய்விட்டது. பேச்சு தட்டுகிறது. கரண்டியைக் காட்டினால் சீப்பு என்கிறாள், தப்பு என்று தெரிந்து அழுகிறாள். வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையில் நின்றுகொண்டு ஒரே நேரத்தில் இரண்டு வாடிக்கையாளர்களைச் சமாளித்த வாய் அது.

உன் மாமா காரணங்களை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். அப்பன் அப்படிச் செத்ததைக் கண்ணால் பார்த்தவனாம், அந்தக் கோபம் உள்ளேயே தங்கிவிட்டதாம். யார்டில் மேலாளர் உன்னை நாயாகப் பார்க்கிறானாம். குடித்தால் நீ நீயாக இருப்பதில்லையாம். அவளும் எதிர்த்துப் பேசுவாளாம். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று பழமொழி வேறு. அணைத்த கையின் அடையாளத்தைத்தான் வகிட்டில் பார்த்தேனே என்றேன். கார்த்தி, இந்தக் காரணங்கள் எல்லாமே உண்மையாகவே இருக்கட்டும். உன் துக்கம் எனக்குத் தெரியாததல்ல, அதில் பாதி என்னுடையது. ஆனால் இவையெல்லாம் மேலே ஒட்டியிருப்பவை. நொதியை ஊற்றி அத்தனையையும் தின்னவிட்டுப் பார்த்தேன். ஒன்று மட்டும் மிஞ்சுகிறது. உன்னை நாயாகப் பார்க்கும் மேலாளரை நீ அடிக்கவில்லை. அப்பாவைக் கொன்றவனின் குடும்பம் இன்றும் துறைமுகத்தில்தான் இருக்கிறது, அவர்களை நீ தொடவில்லை. திருப்பி அடிக்க முடியாத ஒருத்தியைத் தேடிப் பிடித்தாய். அவளிலும் முகத்தை விட்டுவிட்டு, முடி மறைக்கிற இடத்தைத் தேர்ந்தெடுத்தாய். கோபத்தில் கண் தெரியாதவன் இடம் பார்த்து அடிக்க மாட்டான். குடியில் தன்னை மறந்தவனுக்குக் காலையில் அம்மா பார்த்துவிடுவாள் என்ற ஞாபகம் இருக்காது. உனக்கு இருந்தது.

இதை எழுதும்போது உன்மேல் எனக்குப் பாசமே இல்லை என்று நினைக்காதே. அப்படி இருந்தால் எவ்வளவு சுலபமாக இருக்கும். நேற்றுக்கூட மாமா போன பிறகு, உனக்குச் சாப்பாடு யார் போடுகிறார்கள் என்று கேட்காமல் விட்டுவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. உன்னைக் கையில் பிடித்துக் கொடுத்தால் அறைவேனா கட்டிக்கொள்வேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் செய்வேன் என்றுதான் நினைக்கிறேன், முதலில் அறை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அம்மா, உங்கள் லேப் ரிசல்ட்டைக் கொடுங்கள், கேஸுக்குப் பலமாக இருக்கும் என்று கேட்டார். முடியாது என்றேன். அது நோயாளிக்குக் கொடுக்கும் ரிப்போர்ட் அல்ல, முறை சரியா என்று பார்க்கச் செய்தது, அதைக் கோர்ட்டில் வைத்தால் உன் வக்கீல் ஒரே நிமிஷத்தில் கிழித்துவிடுவார், கிழிப்பதும் நியாயம். உனக்கு எதிராகக்கூட நான் பொய்யான எடைக்கல்லைத் தராசில் வைக்க மாட்டேன். ஆஸ்பத்திரி ஸ்கேன் இருக்கிறது, என் மணிக்கட்டின் எக்ஸ்ரே இருக்கிறது, நான் இருக்கிறேன். நீ ஹெல்மெட்டை ஓங்கியது, இறக்கியது, உதைத்தது, மறுபடி ஓங்கியது எல்லாவற்றையும் பார்த்தது பார்த்தபடி சொல்லி, படித்துப் பார்த்து, கட்டுப் போடாத கையால் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மாமா வரும் முன்பே போட்டுவிட்டேன். அவனிடம் சொன்னபோது, பெத்த வயிறா இது என்று கேட்டான். ஆமாம், இதேதான் என்றேன்.

உனக்கு நான் சொல்ல ஒரே ஒரு புத்திமதிதான் இருக்கிறது. அவர்கள் உன்னைத் தேடிப் பிடிக்கும்வரை காத்திருக்காதே. யாராவது தோஸ்து பைக்கில் ஆந்திரா பக்கம் கொண்டுபோய் விடுகிறேன் என்பான், போகாதே. நீயாகவே நடந்து போய் ஸ்டேஷனில் உட்கார். என்ன நடந்தது என்று கேட்டால் காரணத்திலிருந்து ஆரம்பிக்காதே. செய்ததை முதலில் சொல். அடித்தேன், ஹெல்மெட்டால் அடித்தேன், விழுந்த பிறகும் உதைத்தேன் என்று சொல். அதற்கு முன்னால் அடித்ததையும் சொல். அதைச் சொல்லி முடித்த பிறகும் காரணம் சொல்ல வாய் எழுந்தால், அப்போது சொல்லிக்கொள். எழாது என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது, வாசற்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுத பையனை நான் பார்த்திருக்கிறேன்.

சங்கீதாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தாகிவிட்டது. நம் வீட்டில் இல்லை. அவள் அம்மா வீட்டிலும் இல்லை, நீ முதலில் அங்கேதான் போவாய் என்று எங்களுக்குத் தெரியும். என் முகத்தில் துப்பிய அந்த அம்மாவும் நானும் சேர்ந்துதான் அவளை வேறொரு இடத்தில் கொண்டுபோய் விட்டோம். இடம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

தண்டனை முடிந்து நீ வெளியே வரும் நாளில் எனக்கு உயிர் இருந்தால் சிறை வாசலில் வந்து நிற்பேன். வீட்டுக்குக் கூட்டி வந்து, உனக்குப் பிடித்த மாதிரி மீன் வறுத்துச் சோறு போடுவேன். சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு, அவள் எங்கே என்று நீ கேட்பாய். சொல்ல மாட்டேன். அதற்குள் எனக்கு வயதாகியிருக்கும், இன்னும் குனிந்திருப்பேன், என் தலையும் உன் கைக்கு நன்றாக எட்டும். முடியும் கொட்டியிருக்கும், எங்கே அடித்தாலும் வெளியே தெரியும். அடித்துக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

உன் அம்மா